வாட்டர் கூலிங் லூப்பில் ஃபேன் தொல்லை: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கஸ்டம் லூப் (பம்ப், ரேடியேட்டர், குழாய்களை நாமே இணைத்துத் தண்ணீரால் குளிர்விக்கும் அமைப்பு) போட்ட கணினியில் ஃபேன் கத்துகிறது என்றால் முதலில் ஃபேனை மாற்றத் தோன்றும். பொறுங்கள். ஃபேன் சொன்னதைச் செய்யும் பிள்ளை. அதற்கு யார் என்ன சொல்கிறார்கள், சொன்னது காதில் விழுகிறதா என்பதுதான் கேள்வி.

கணக்குக்கு ஒரு மாதிரி லூப்பை வைத்துக்கொள்வோம்: ஒரு 360 மி.மீ., ஒரு 240 மி.மீ. ரேடியேட்டர், ஐந்து 120 மி.மீ. ஃபேன், ஒரு டி5 பம்ப், ஏறக்குறைய ஒரு லிட்டர் கூலண்ட். முழு லோடில் சி.பி.யூ. 120 வாட், ஜி.பி.யூ. 320 வாட், ஆக 440 வாட். உங்களுடையது வேறாக இருந்தால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

எதையும் கழற்றும் முன் மூன்று எண்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: கூலண்ட் வெப்பம், மதர்போர்டு ஃபேனுக்கு அனுப்பும் டியூட்டி சதவீதம் (எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்ற கட்டளை), ஃபேன் திருப்பிச் சொல்லும் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று). டியூட்டி மாறியும் ஆர்.பி.எம். மாறவில்லை என்றால் கோளாறு வயரிலோ ஹெடர் (போர்டில் ஃபேன் வயரைச் செருகும் இடம்) மோடிலோ இருக்கிறது. டியூட்டியே தப்பாக மாறினால் சென்சார், கர்வ் (எத்தனை டிகிரிக்கு எவ்வளவு டியூட்டி என்ற அட்டவணை), மென்பொருள் மூன்றில் ஒன்று. இரண்டும் ஒழுங்காக இருந்தும் தண்ணீர் சூடு இறங்கவில்லை என்றால் காற்று வழியைப் பாருங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

ஐடிலிலேயே ஃபேன் சீறி ஏறுகிறது, உடனே இறங்குகிறது

பிரவுசரில் ஒரு டேப் திறந்தாலே ‘உய்ங்’ என்று ஏறி, நான்கு விநாடியில் அடங்கும். காரணம் ஒன்றே: ஃபேன் கர்வ் சி.பி.யூ. வெப்பத்தைப் பார்த்து ஓடுகிறது. இன்றைய சி.பி.யூ.வில் ஒரு கோர் பூஸ்ட் ஆனால் ஒரு விநாடிக்குள் 15, 20 டிகிரி குதிக்கும். ஏர் கூலரில் அதைப் பின்தொடர்வதில் கொஞ்சமாவது பொருள் உண்டு. லூப்பில் துளியும் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 வாட் இரண்டு விநாடி நீடித்தால் 240 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 4186 ஜூல் வேண்டும். ஆக, தண்ணீர் ஏறியது 0.06 டிகிரி. ரேடியேட்டருக்கு இன்னும் செய்தியே போகவில்லை; அதற்குள் ஐந்து ஃபேனும் கத்தி ஓய்ந்துவிட்டன.

கர்வின் மூலத்தைக் கூலண்ட் சென்சாருக்கு மாற்றுவதுதான் தீர்வு. இரண்டு பின் உள்ள வெப்ப சென்சார் ஹெடர் பல போர்டுகளில் உண்டு. மாடலுக்கு மாடல் பெயர் வேறாக இருக்கும் என்பதால் மேனுவலில் தேடுங்கள். கால் அங்குல ஜி திரெட் கொண்ட 10 கிலோ ஓம் சென்சார் ஒன்றை ரேடியேட்டரின் காலித் துளையிலோ ரிசர்வாயரிலோ முறுக்கி, வயரை அந்த ஹெடரில் செருகுங்கள். இரண்டு வயரையும் எப்படிச் செருகினாலும் ஒன்றுதான். பிறகு பயாஸில் ஒவ்வொரு ரேடியேட்டர் ஃபேன் ஹெடருக்கும் வெப்ப மூலமாக அதையே தேர்ந்தெடுங்கள். சில போர்டுகளில் சி.பி.யூ. ஃபேன் ஹெடருக்கு மட்டும் மூலத்தை மாற்ற விடமாட்டார்கள். அப்படியென்றால் ஃபேன்களைச் சேசிஸ் ஹெடருக்குக் கொண்டுபோய், பம்பின் வேக வயரைச் சி.பி.யூ. ஹெடரில் போடுங்கள். பம்ப் செத்தால் பூட் ஆகும்போதே போர்டு கத்தும், நல்ல காவல்.

சென்சார் எங்கே வைப்பது என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓட்டத்தில் 440 வாட் ஏற்றினால் லூப்பின் அதிக சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் இடையில் வித்தியாசம் 1.6 டிகிரிதான்.

25 டிகிரி அறைக்குத் தொடக்கக் கர்வ்: தண்ணீர் 30 டிகிரி வரை 30 சதவீதம், 34-ல் 40, 38-ல் 60, 42-ல் 85, 45-ல் 100.

மூலத்தை மாற்றிய பிறகும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் கர்வ் செங்குத்தாக இருக்கிறது. 35-ல் 30 சதவீதம், 37-ல் 80 என்று வைத்தால் தண்ணீர் 37 தொட்டதும் ஃபேன் பாயும், தண்ணீர் குளிரும், ஃபேன் படுக்கும், மறுபடியும் சூடேறும். டிகிரிக்கு 7 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். ஹிஸ்டெரிசிஸ், அதாவது வெப்பம் எவ்வளவு நகர்ந்த பிறகு ஃபேன் வேகம் மாற வேண்டும் என்ற இடைவெளி, 2 டிகிரி கொடுங்கள். ஏறும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் பயாஸ் தரும் மிக மெதுவான அளவில் வையுங்கள். சென்சாரை முழு டிகிரியாக மட்டுமே படிக்கும் போர்டுகளில் ஒவ்வொரு டிகிரித் தாவலும் காதில் படும். சாய்வு குறைந்தால் அதுவும் மறையும்.

கேம் ஆடும்போது ஃபேன் அமைதி, தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது

மேலே சொன்ன கோளாறின் மறுபக்கம் இது, அதைவிட ஆபத்தானது. கேமில் சி.பி.யூ. 60 வாட்டில் நிம்மதியாக இருக்கும், ஜி.பி.யூ. 320 வாட்டைத் தண்ணீரில் கொட்டும். சி.பி.யூ.வைப் பார்த்து ஓடும் ஃபேனுக்கு அது தெரியவே தெரியாது. தண்ணீர் 50-ஐத் தாண்டிய பிறகுதான் சி.பி.யூ. வெப்பமும் அதன் கூடவே உயர்ந்து ஃபேன் விழித்துக்கொள்ளும்.

எவ்வளவு வேகமாக ஏறும்? ஃபேன் அடியோடு நின்றுவிட்டால் 440 வாட் ஒரு லிட்டரை நிமிடத்துக்கு 6 டிகிரி ஏற்றும். செம்பும் பித்தளையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். 5 என்று வையுங்கள். 30-லிருந்து 50-க்கு நான்கே நிமிடம். டி5, டி.டி.சி. வகைப் பம்புகளுக்கு 60 டிகிரிதான் எல்லை. பெட்ஜி என்ற கடின பிளாஸ்டிக் டியூப் அந்த அளவிலேயே இளகத் தொடங்கி ஃபிட்டிங்கிலிருந்து நழுவப் பார்க்கும்.

கூலண்ட் சென்சார் வாங்கும் வரை தற்காலிக வழி: மென்பொருளில் சி.பி.யூ.வுக்கு ஒரு கர்வ், ஜி.பி.யூ.வுக்கு ஒரு கர்வ் போட்டு, இரண்டில் எது பெரியதோ அதை எடுக்கச் சொல்லுங்கள். ஃபேன் கன்ட்ரோல், ஆர்கஸ் மானிட்டர் என்ற இரண்டு மென்பொருள்களிலும் இது முடியும். சராசரி எடுக்கச் சொல்லாதீர்கள். 45-ம் 70-ம் சேர்ந்து 57 ஆகி இருவரையும் ஏமாற்றும்.

எல்லா ஃபேனும் எப்போதும் முழு வேகம்

பயாஸில் டியூட்டியை 30 என்று நிலையாக வைத்துப் பாருங்கள். அப்போதும் முழு வேகம் என்றால் சொன்னது ஃபேனுக்குப் போய்ச் சேரவில்லை.

மூன்று பின் ஃபேனை பி.டபிள்யூ.எம். மோடில் (தனி சிக்னல் வயர் வழியாக வேகத்தைச் சொல்லும் முறை) வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். மூன்று பின் ஃபேனின் வேகம் வோல்டேஜால் மாறும், பி.டபிள்யூ.எம். மோடில் ஹெடர் எப்போதும் 12 வோல்ட் தரும். ஹெடரை, வோல்டேஜை ஏற்றி இறக்கும் டி.சி. மோடுக்கு மாற்றினால் முடிந்தது. ‘ஆட்டோ’வை நம்ப வேண்டாம், ஒரு ஹெடரைப் பல ஃபேனுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் நடுவில் இருந்தால் அது குழம்பும்.

நான்கு பின் ஃபேன் என்றால் நான்காவது வயரைப் பாருங்கள். ஹெடரில் பிளாஸ்டிக் முதுகு மூன்று பின்னுக்குத்தான் இருக்கும். வெளியே தனியாக நிற்பது சிக்னல் பின். வரிசை இது: கிரவுண்ட், 12 வோல்ட், வேகம் சொல்லும் வயர், சிக்னல். சிக்னல் வயர் அறுந்தால் ஃபேன் நிற்காது, முழு வேகத்தில் ஓடும், வடிவமைப்பே அப்படி. ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு ஃபேனை நேரடியாக ஹெடரில் செருகுங்கள். அது அடங்கினால் குற்றவாளி ஸ்ப்ளிட்டரோ எக்ஸ்டென்ஷனோதான். மலிவான எக்ஸ்டென்ஷன்களில் நான்காவது பின் உள்ளே தள்ளப்பட்டு மொட்டையாக நிற்பது சகஜம். மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தனியாகப் போட்ட ஃபேன் அடங்குகிறது, எட்டுப் பத்து ஃபேனைச் சேர்த்தால் மட்டும் எல்லாம் கத்துகின்றன என்றால் வேறு கதை. சிக்னல் வயரை ஒவ்வொரு ஃபேனும் தன் பங்குக்கு 5 வோல்ட்டை நோக்கி மேலே இழுக்கிறது. போர்டு அதைத் தரைக்கு இழுத்துத்தான் ‘மெதுவாக’ என்று சொல்கிறது. இழுப்பவர்கள் கூடினால் போர்டின் கை வலுவிழந்து, சிக்னல் கீழே வராமல் தொங்கும். ஃபேன்களுக்கு அது ‘முழு வேகம்’ என்றே கேட்கும். சிக்னலைத் தன்னிடமிருந்து புதிதாக அனுப்பும் ஆக்டிவ் ஹப் போட்டால் தீரும்; வெறும் வயர் ஹப்புக்கு அந்த வேலை தெரியாது.

கரன்ட்டையும் இங்கேயே பார்த்துவிடலாம். சாதாரண ஹெடர் ஒன்று 1 ஆம்பியர், அதாவது 12 வாட். 0.14 ஆம்பியர் ஃபேன் ஐந்து போட்டால் 0.7, தாங்கும். 0.3 ஆம்பியர் ஃபேன் ஐந்து என்றால் 1.5, தாங்காது. கிளம்பும்போது இழுப்பு இன்னும் கூடும் என்பதால் 0.8-க்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் சாட்டா பவர் வாங்கும் ஹப். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் எல்லை 4.5 ஆம்பியர், 54 வாட். பம்புக்கும் ஹப்புக்கும் தனித்தனி கேபிள் கொடுத்துவிடுவது நல்லது. பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவான சாட்டா அடாப்டர்கள் உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக் கூடியவை. அவற்றை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

இன்னொரு சாத்தியம்: சென்சார் வயர் கழன்றிருக்கிறது, போர்டு பயந்துபோய் பாதுகாப்புக்காக முழு வேகம் தருகிறது. அப்போது டியூட்டியே 100 என்று காட்டும்.

பம்ப் சொல்பேச்சு கேட்கவில்லை என்றால்: டி5 பம்ப் பவரைப் பவர் சப்ளையிலிருந்து நேரடியாக வாங்குகிறது, ஹெடரிலிருந்து வருவது சிக்னலும் வேகக் கணக்கும் மட்டும். அதனால் டி.சி. மோட் அதை ஒன்றும் செய்யாது. சிக்னல் வயர் இல்லாவிட்டால் சில டி5-கள் முழு வேகத்திலும் சில நடு வேகத்திலும் ஓடும். எப்படியானாலும் பம்புக்கு வளைந்து நெளியும் கர்வ் தேவையில்லை. சத்தம் பொறுக்கும் ஒரு வேகத்தில், 60 முதல் 70 சதவீதத்தில், நிலையாக விடுங்கள்.

ஃபேன் நிற்கிறது, துடிக்கிறது, டிக் டிக் என்கிறது

டியூட்டி ஃபேனின் அடிமட்டத்துக்குக் கீழே போயிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் 18 சதவீதத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். நின்ற ஃபேன் அதே 18-ல் கிளம்பாது, உந்திப் பார்த்துத் தோற்கும். டி.சி. மோடில் இது இன்னும் மோசம்: பல 12 வோல்ட் ஃபேன்கள் 5 வோல்ட்டில் தள்ளாடும். பி.டபிள்யூ.எம். ஃபேனைத் தப்பாக டி.சி. மோடில் ஓட்டினாலும் உள்ளிருக்கும் சிப்புக்கு வோல்டேஜ் பற்றாமல் இதே டிக் டிக்.

0-லிருந்து 5 சதவீதமாக ஏற்றி, எப்போது கிளம்புகிறது என்று ஒவ்வொரு ஃபேனுக்கும் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு 5 சேர்த்ததே உங்கள் கர்வின் தரை. ஃபேன்களுக்குள் இது வேறுபடும்: நாக்டுவா என்.எஃப். ஏ12எக்ஸ்25-க்கு 20 சதவீதத்தில் 450 ஆர்.பி.எம்.; ஆர்க்டிக் பி12 5 சதவீதத்துக்குக் கீழே வேண்டுமென்றே நிற்கும்.

ஆர்.பி.எம். பூஜ்யம் என்கிறது, அல்லது நம்பமுடியாத எண்

ஃபேன் கண்ணெதிரே சுற்றுகிறது, திரையில் 0. ஹப்பில் வேக வயர் ஒரே ஒரு சாக்கெட்டில்தான் இணைந்திருக்கும். பெரும்பாலும் ஒன்றாம் எண் சாக்கெட். அது காலியாக இருந்தால் போர்டுக்கு ஒன்றும் தெரியாது, சி.பி.யூ. ஃபேன் இல்லை என்று பூட்டிலேயே நிறுத்தும். ஒரு ஃபேனை அங்கே மாற்றிச் செருகுங்கள்.

3400, 900, 5100 என்று எண் தாவினால் இரண்டு ஃபேன்களின் வேக வயர் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. ஃபேன் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். இரண்டு ஃபேன் சேர்ந்து அனுப்பினால் போர்டு எதை எண்ணும்? ஸ்ப்ளிட்டரின் மற்றக் கால்களில் மூன்றாவது பின்னை நெம்பி எடுத்துவிடுங்கள்.

ஃபேன் மெதுவாக, ஆனால் ஒழுங்காகச் சுற்றியும் பூட்டில் பிழை வருகிறதா? பயாஸில் குறைந்தபட்ச வேக எச்சரிக்கை 600-ல் இருக்கலாம். 200-க்கு இறக்குங்கள்.

கூலண்ட் வெப்பம் -40, 127, அல்லது ஆடாமல் அசையாமல் ஒரே எண்

சுற்று திறந்திருக்கிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது. சென்சாரைக் கழற்றி மீட்டரில் ஓம் பாருங்கள். 25 டிகிரியில் 10 கிலோ ஓம். பீட்டா (சூடேற ஏற ஓம் எவ்வளவு வேகமாகக் குறையும் என்ற எண்) 3435 உள்ள சென்சாருக்கு 35-ல் 6.9, 40-ல் 5.8 கிலோ ஓம். எல்லையில்லை என்றால் வயர் அறுந்தது; பூஜ்யம் என்றால் ஷார்ட்.

எண் வருகிறது, ஆனால் சூடேற ஏற உண்மையைவிட்டு விலகுகிறது என்றால் சென்சார் பீட்டாவும் போர்டு எதிர்பார்க்கும் பீட்டாவும் வேறு. 3950 சென்சாரை 3435 என்று போர்டு படித்தால் 25-ல் சரியாகக் காட்டும், 40-ல் 42.4 என்னும். பாதகமில்லை, கர்வை அந்த எண்ணுக்கே பழக்கிவிடலாம். மென்பொருளில் திருத்தம் கொடுக்கலாம். எண் 1 டிகிரி தப்பாக இருந்தாலும் எப்போதும் ஒரே மாதிரித் தப்பாக இருந்தால் போதும்.

ஜனவரியில் சொர்க்கம், மே மாதத்தில் நாள் முழுக்க 100 சதவீதம்

தண்ணீர் அறை வெப்பத்துக்குக் கீழே ஒருபோதும் போகாது. சென்னையில் ஏ.சி. போடாத அறை மே மதியத்தில் 35-ல் நிற்கும்போது, ஐடிலிலேயே தண்ணீர் 38. மேலே கொடுத்த கர்வில் அது 60 சதவீதம். கேம் ஆரம்பித்ததும் 100, அதற்குப் பிறகு ஃபேன் செய்ய ஒன்றுமில்லை. வெளிநாட்டுக்காரர்கள் பகிரும் கர்வை அப்படியே ஒட்டினால் நம் ஊரில் இதுதான் நடக்கும்.

இங்கே தண்ணீர் வெப்பத்தைப் பார்க்காமல், தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரண்டாவது வெப்ப சென்சார் ஒன்றைக் காற்று உள்ளே நுழையும் ஃபேனுக்கு முன்னால், கேஸுக்கு வெளியே தொங்கவிடுங்கள். ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று அதன்மேல் படக்கூடாது, பட்டால் அறையே சூடாகிவிட்டதாக நினைத்து ஃபேனை மெதுவாக்கும். மென்பொருளில் ‘தண்ணீர் கழித்தல் அறை’ என்று கற்பனை சென்சார் உருவாக்கி: இடைவெளி 4 டிகிரி வரை 30 சதவீதம், 8-ல் 45, 12-ல் 70, 17-ல் 100.

அதோடு நிறுத்தாமல் காவலுக்கு இன்னொரு கர்வ்: தண்ணீர் 50 தொட்டால் எதுவானாலும் 100. இரண்டில் பெரியது ஃபேனுக்கு. 52-ல் எச்சரிக்கை, 57-ல் கணினி தானே அணையட்டும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் முனகல், அல்லது வாவ்-வாவ் என்ற அலை

முதல் வகை அதிர்வு ஒத்திசைவு. 20 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக ஏற்றிக் காதைக் கொடுங்கள். முனகும் இடத்தைக் குறித்து, கர்வ் அங்கே தங்காமல் தாண்டும்படி சின்னப் படி வையுங்கள்.

அலை அலையாக வந்தால் இரண்டு ஃபேன்கள் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில், ஆனால் சரியாக ஒரே வேகத்தில் இல்லாமல் ஓடுகின்றன. ஏழு இறக்கை ஃபேன்கள் 1000-த்திலும் 1020-லும் சுற்றினால் விநாடிக்கு 2.3 முறை சத்தம் ஏறி இறங்கும். தயாரிப்பு வேறுபாட்டால் ஒரே சிக்னலிலும் இப்படி நடக்கும். ஒரு ரேடியேட்டரின் ஃபேன்களை மற்றதைவிட 80, 100 ஆர்.பி.எம். தள்ளி வைத்தால் காது அதை அலையாகக் கேட்காது.

தண்ணீர் குளிர்ச்சி, ஃபேன் ஒழுங்கு, சி.பி.யூ. மட்டும் கொதிக்கிறது

ஃபேனை விட்டுவிடுங்கள், இது அதன் வழக்கு இல்லை. தண்ணீர் 36-ல் இருக்கையில் ரேடியேட்டரில் இன்னும் காற்றடித்து என்ன பயன்? பேஸ்ட், பிளாக் (சிப்பின்மேல் உட்காரும், தண்ணீர் ஓடும் உலோகத் துண்டு) திருகு, பிளாக் உள்ளே அடைப்பு, ஓட்டம் இவற்றில் ஒன்று. ரைசன் 7000 வரிசையில் முழு லோடில் 95 தொடுவது சிப்பின் இயல்பு என்பதால், ஒற்றை எண்ணைப் பார்த்து அலறாமல், லூப் புதிதாக இருந்தபோது அதே லோடில் சி.பி.யூ.வுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தது என்பதோடு ஒப்பிடுங்கள். அது 10 டிகிரி கூடியிருந்தால் பிளாக்கைத் திறக்க வேண்டிய நேரம்.

ஃப்ளோ மீட்டர் இல்லாவிட்டாலும் ஓட்டத்தைக் கணக்கிடலாம். இரண்டு பிளாக்குக்கும் முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். வாட்டை 0.86 ஆல் பெருக்கி வித்தியாச டிகிரியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 440 வாட்டில் 4 டிகிரி என்றால் 95 லிட்டர், போதும். 10 டிகிரி என்றால் 38, எங்கோ அடைப்பு அல்லது காற்று. இரவெல்லாம் அணைத்து வைத்துக் காலையில் இரண்டும் ஒரே எண் காட்டுகின்றனவா என்று முதலில் சரிபாருங்கள். பம்பின் ஆர்.பி.எம்.மை மட்டும் நம்பாதீர்கள். காற்றை விழுங்கிய பம்பும் அழகான எண்ணைக் காட்டும்.

ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் கர்வ் மறந்துபோகிறது

இரண்டு மென்பொருள்கள் போர்டில் ஃபேனைக் கட்டுப்படுத்தும் ஒரே சிப்போடு பேசிக்கொண்டிருந்தால் எண்கள் தாவும், கர்வ் திடீரென்று மாறும். போர்டு தயாரிப்பாளரின் ஃபேன் செயலியை முழுமையாக அகற்றிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அது நுவோடான் நிறுவனத்தின் சிப் என்றால், எழுந்த பிறகு அந்த ஹெடரின் பி.டபிள்யூ.எம். எனேபிள் மதிப்பைப் படியுங்கள். 1 என்றால் மென்பொருள் கையில், 5 என்றால் பயாஸ் கர்வ் திரும்பிவிட்டது; ஃபேன் சேவையை எழும்போதெல்லாம் மீண்டும் தொடங்க வைத்தால் சரியாகும். பயாஸ் அப்டேட் செய்த மறுநாள் இதே அறிகுறி என்றால் கர்வ் அழிந்திருக்கும். பயாஸ் பக்கத்தை எப்போதோ போட்டோ எடுத்து வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

எதிர்த்திசை ஆபத்து ஒன்று உண்டு. மென்பொருள் நடுவில் செத்துவிட்டால் சிப் கடைசியாகச் சொன்ன டியூட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கலாம். ஐடிலில் 30 சதவீதத்தில் செத்தது என்றால் கேம் முழுக்க 30 சதவீதம்தான். சோதித்துப் பாருங்கள்: ஐடிலில் டாஸ்க் மேனேஜரில் மென்பொருளைக் கொன்றுவிட்டு, கேமைத் தொடங்கி, கூலண்டைப் பதினைந்து நிமிடம் கண்காணியுங்கள். 50-ஐத் தாண்டினால் உடனே நிறுத்திவிட்டு, அடிமட்ட டியூட்டியை 5 சதவீதம் கூட்டி மறுபடியும் ஓட்டுங்கள்.